முற்றம் அறிந்து செடி வாங்குதல்

பாண்டியர் காலத்தில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தை அடுத்துக் காயல் என்னும் பெயரோடு புகழ்பெற்று விளங்கிய துறைமுகத்துக்கு, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபு நாட்டுக் கரைகள் பலவற்றிலிருந்தும் மரக்கலங்கள் குதிரைகளை ஏற்றிக்கொண்டு வந்த செய்தியை, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ விரிவாக எழுதி வைத்திருக்கிறார். மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் மிகச் சிலவே உயிரோடு எஞ்சின என்றும், குதிரையைப் பேணும் முறை அறிந்தவர் இந்நாட்டில் இல்லாமையே அதற்குக் காரணம் என்றும் அவர் சொல்லுகிறார். சோற்றோடு சமைத்த இறைச்சியைக் கலந்து குதிரைக்குத் தீனியாக இட்டதையும் அவர் குறிப்பிடுகிறார். அந்தக் காயல் இன்றைய பழையகாயலே என்று அறிஞர் பெரும்பாலோர் கொள்வர். அதன் வணிக மரபையும் கடலோடும் ஊக்கத்தையும் தன்னுடையதாக்கிக்கொண்டு அதற்குத் தெற்கே இன்றளவும் செழித்திருப்பது காயல்பட்டினம். ஜீவனுள்ள ஒன்றை விலைக்கு வாங்குகிறவன், அது பிறந்து வளர்ந்த தேசத்தின் வெயிலையும் காற்றையும் நீரையும் உணவையும் அதற்கு அளிக்கும் கடமையையும் சேர்த்தே வாங்குகிறான் என்னும் உண்மையை, இந்தக் கரை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே மிகுந்த பொருட்செலவில் கண்டிருக்கிறது.

குதிரைகளின் இடத்தில் இப்போது செடிகள் வருகின்றன. ஆந்திர நாட்டில் கோதாவரிக் கரையிலுள்ள கடியம் பண்ணைகளிலிருந்தும், பெங்களூர், புனே முதலிய நகரங்களிலிருந்தும் லாரிகளில் வந்து இறங்கும் அலங்காரச் செடிகள், தூத்துக்குடி, பாளையங்கோட்டை, திருச்செந்தூர்ப் பகுதிகளின் நர்சரிகளில் பச்சை வலைப் பந்தலின் கீழ் அணிவகுத்து நிற்கின்றன. சிறு வண்டிகளில் ஏறித் தெருத்தெருவாக விலைக்கும் வருகின்றன. வண்டிக்காரர், வாசலில் நிற்கும் பெண்மணியைப் பார்த்து, “ராத்தா, இது நிழல்லயே வளரும், தண்ணிகூட வாரத்துக்கு ஒரு தடவை விட்டாப் போதும்” என்கிறார். அவர் சொல்வது பல சமயங்களில் உண்மைதான். ஆனால் எந்த நிழல், எந்தத் தண்ணீர் என்ற வினாக்களுக்கு விடை அவரிடம் இல்லை. அது வாங்குகிறவருடைய வீட்டில் இருக்கிறது. ஆகவே, செடி வாங்கும் கலையில் தேர்ந்தவர்கள் செடியைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்க்கிறார்கள். நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இந்த ஒன்றையே.

வீட்டுக்குள் செடி வளர்ப்பதையே ஒரு பெரிய மோகமாக உலகுக்கு அளித்தது லண்டன் நகரத்துப் புகை. நதானியேல் வார்ட் என்ற மருத்துவர் தம் வீட்டில் வளர்க்க முயன்ற பெரணிச் செடிகளை, ஊரெங்கும் எரிந்த நிலக்கரியின் புகை மாய்த்துக்கொண்டே இருந்தது. 1829-இல், ஒரு விட்டில் பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்து அவர் கவனித்து வந்தபோது, அம்மண்ணில் எவரும் விதைக்காத பெரணி ஒன்றும் புல் ஒன்றும் முளைத்துச் செழித்தன. மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியதால், உள்ளிருந்த உயிருக்குத் தனியானதொரு சீதோஷ்ணம் அமைந்துவிட்டது. இந்த உண்மையைப் பற்றிக்கொண்டு அவர் செய்வித்த கண்ணாடிப் பெட்டிகள் 1833-இல் கப்பலேறிச் சிட்னி நகரத்துக்குச் சென்றன; செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. சீனத்துத் தேயிலைச் செடி இமயமலைச் சாரலுக்கு வந்து சேர்ந்ததும் அத்தகைய பெட்டிகளில்தான். உலகத்தின் ஒரு மூலையில் பிறந்த செடி மற்றொரு மூலையிலுள்ள கூடத்தில் வாழ முடியும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. அந்நம்பிக்கைக்கு அடிப்படையாய் நின்றது, செடிக்கு வேண்டிய தேசத்தைச் சிறிய அளவிலேனும் அதன் கூடவே அனுப்பியதாகும். பெட்டியை விட்டுவிட்டுச் செடியை மட்டும் எடுத்துக்கொண்ட பிற்காலத்து வாணிகம், அந்த நுட்பத்தை வாங்குகிறவர்களின் விவேகத்துக்கு விட்டுவிட்டது.

அந்த விவேகம் வீட்டைப் பார்ப்பதில் தொடங்குகிறது; காயல்பட்டினத்து வீட்டை அறிந்தவர்களுக்கு அதன் அழகு புலப்படும். சதுக்கைத் தெரு, குத்துக்கல் தெரு, தைக்கா தெரு முதலிய பழைய தெருக்களில், முகப்பு குறுகி உள்ளே நீண்டு செல்லும் வீடுகளை இன்றும் காணலாம். முன்கட்டு தெருவைப் பார்க்கும். பின்கட்டு, பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குத் தெருவுக்கு வராமலே போய்வருவதற்கு அமைந்த முடுக்கை நோக்கித் திறக்கும். நடுவே வானத்துக்குத் திறந்த முற்றம். பக்கச் சுவர்கள் அண்டை வீடுகளை ஒட்டி நிற்பதால் வெளிச்சம் என்பது பெரும்பாலும் மேலிருந்து இறங்குவதே. காலையில் முற்றத்தின் மேல்புறச் சுவரில் விழும் வெயில், உச்சிப்பொழுதில் தரையைத் தொட்டு, மாலையில் கீழ்ப்புறச் சுவரில் ஏறி மறைகிறது. இந்த ஒரே முற்றத்துக்குள் நான்கைந்து வேறுவேறு தேசங்கள் இருக்கின்றன. உச்சி வெயில் நேரே படும் நடுத்தரை பாலைக்கு உரியது. வெயில் சிறிது நேரமே தங்கும் சுவரோரம் காட்டு விளிம்புக்கு உரியது. தாழ்வாரத்தின் தூணடி, அடர்ந்த மரங்களின் கீழே சிதறிவரும் ஒளிக்கு ஒப்பானது. அதற்கும் உள்ளே கூடத்தின் மூலையில், கண்ணுக்கு வெளிச்சமாகத் தோன்றினாலும் பெரும்பாலான செடிகளுக்கு அது இருட்டே. மனிதக் கண் எந்த ஒளிக்கும் தன்னை விரைவில் இணக்கிக்கொள்வதால், ஒளியின் அளவைப் பற்றி அது சொல்லும் சாட்சியத்தை நம்பிச் செடி வாங்கலாகாது.

அதற்கு எளியதொரு பரீட்சை உண்டு. பகல் 12 மணி அளவில், செடி வைக்கக் கருதிய இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, அதற்கு ஒரு முழ உயரத்தில் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். விரல் விரலாகத் தெளிந்த நிழல் விழுமானால், அவ்விடம் பூச்செடிகளுக்கும் மணமுள்ள மூலிகைகளுக்கும் போதிய ஒளியுள்ளது. கையின் வடிவம் மட்டும் மங்கலாகத் தெரியுமானால், இலையழகுக்காக வளர்க்கும் செடிகளுள் பெரும்பகுதி அங்கே வாழும். நிழல் விழுந்ததா இல்லையா என்று ஐயுறும்படி இருக்குமானால், அந்த மூலையை ஒரு நல்ல பித்தளைச் செம்புக்கோ விளக்குக்கோ விட்டுவிடுவதே செடிக்குச் செய்யும் உபகாரம். ஒரு நாள் பார்த்ததோடு நிறுத்தாமல், சித்திரையில் ஒரு தடவையும் மார்கழியில் ஒரு தடவையும் பார்த்தவர்கள், கதிரவன் தெற்கே சாயும் பருவத்தில் தங்கள் முற்றத்தின் எந்தப் பக்கம் வெயிலை இழக்கிறது என்பதையும் அறிவார்கள்.

ஒளிக்கு அடுத்தபடி காற்று. கிழக்கே கடலைப் பார்த்திருக்கும் ஊர் ஆகையால், காயல்பட்டினத்துக் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் உண்டு. உஷ்ண மண்டலத்துக் காடுகளிலிருந்து வந்த செடிகளுக்கு இது பெரும் பேறு. உள்நாட்டு ஊர்களில் இலை நுனி கருகி நிற்கும் செடிகள் இங்கே தளதளவென்று நிற்பதைக் காணலாம். ஆனால் அதே காற்று உப்பையும் சுமந்து வருகிறது. கடலை நோக்கிய மாடி ஜன்னலில் வைத்த செடியின் இலையை விரலால் தடவினால் பிசுபிசுப்பு ஒட்டும். தடித்துப் பளபளக்கும் மெழுகுத் தோலுள்ள இலைகள் இதைத் தாங்கும். மெல்லிய இலையுள்ளவை தாங்கமாட்டா. குற்றாலச் சாரலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், அருவியோரப் பாறைகளில் கருநிறக் காம்புகளோடு தொங்கும் மெல்லிய பெரணிகளின் அழகில் மயங்கி அவற்றைத் தொட்டியில் வாங்கிக்கொண்டு வருவது உண்டு. இடையறாத நீர்த்திவலையில் வாழப் பிறந்த அந்த இலைக்கு, ஆனி ஆடி மாதங்களில் உள்நாட்டிலிருந்து வறண்டு வீசும் மேல்காற்றின் ஒரு வாரமே போதும். இதே குற்றாலத்தில், 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியார், கிழக்கிந்தியத் தீவுகளுக்குரிய ஜாதிக்காயையும் கிராம்பையும் தோட்டமிட்டு வளர்த்துப் பார்த்தார்கள். கடல் கடந்து வந்த அம்மரங்களுக்கு மலையடிவாரத்து ஈரமும் நிழலும் பிடித்திருந்தன; இன்றும் அப்பகுதியில் அவை காய்க்கின்றன. ஒரே தாமிரபரணி நாட்டுக்குள் ஒரு செடிக்கு எது தாய்நிலம், எது அயல்நிலம் என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அறியலாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரத்து நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. அதைத் தொட்டியில் விட்டுக்கொண்டே வந்தால், நீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் மண்ணில் தங்கிப் பெருகும். மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பது பெரும்பாலும் அதுவே. இலையின் நுனி மட்டும் ஒரே சீராகப் பழுப்பேறினால், பலர் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி அதே உப்பு நீரை மேலும் வார்க்கிறார்கள். குழாயில் வரும் ஆற்றுநீரை ஒரு இரவு வாயகன்ற பாத்திரத்தில் வைத்திருந்து விடுவதும், மழைக்காலத்தில் முற்றத்துக் கூரையிலிருந்து விழும் நீரைப் பிடித்து வைப்பதும் நல்லவை. இந்தக் கரையில் மழையோ பல மாதம் வராமலிருந்து, வரும்போது ஒருங்கே கொட்டும் சுபாவம் உடையது. 2023 டிசம்பர் 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நம் மாநிலத்தில் எத்தனையோ ஊர்கள் ஓராண்டில் பெறும் மழை அது. அத்தகைய நாட்கள் அரியவையே எனினும், அடியில் துளையில்லாத பீங்கான் தொட்டியின் அழகில் மயங்கி அதைச் செடியோடு வாங்குகிறவர்கள், சாதாரணமான ஒரு ஐப்பசி மழையிலேயே செடியை இழப்பார்கள். வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் இடைவெளிகளில் காற்று நின்ற இடத்தில் நீர் நின்றுவிட்டால் வேர் அழுகுகிறது. தொட்டிச் செடிகளுள் தாகத்தால் மாண்டவற்றைவிட மூழ்கி மாண்டவையே அதிகம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இவ்வளவும் அறிந்த பிறகு நர்சரிக்குப் போகலாம். அங்கே கண்ணைப் பறிப்பது எதுவோ அதிலிருந்து கண்ணை மீட்டுக்கொள்வது முதற் காரியம். வரிசையில் மிக உயர்ந்து நிற்பதும், பூத்துக் குலுங்குவதும், இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மின்னுவதும் ஆகிய செடிகளையே புதியவர்களின் கை நாடுகிறது. உயர்ந்து நிற்பது ஒளிக்கு ஏங்கி நீண்டதாக இருக்கலாம். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தூரம் மிகுந்து, தண்டு மெலிந்திருந்தால் அது நிச்சயம். பூத்து முடிந்த செடி தன் சேமிப்பைச் செலவழித்துவிட்டது. மொட்டுக்கள் விரியாமல் நிறைந்திருக்கும் செடியே வீட்டில் வந்து பூக்கும். மின்னும் இலையில் மெருகுத் தைலம் தெளித்திருக்கக்கூடும். இயற்கையான பளபளப்பு புதிய இலையில் மிகுந்தும் பழைய இலையில் குறைந்தும் இருக்கும், தெளித்த பளபளப்போ எல்லா இலையிலும் ஒன்றாக இருக்கும். ரஸிகன் தேடுவது நடுத்தர உயரமும், நெருங்கிய கணுக்களும், சுருள் பிரியாத ஓரிரு குருத்துக்களும் உள்ள செடியை. குருத்து விடும் செடி, தன் எதிர்காலத்தில் தானே நம்பிக்கை வைத்திருக்கிறது.

அடுத்து இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பூச்சிகள் வாழ்வது அடிப்புறத்தில். இலைக்காம்பு தண்டோடு சேரும் சந்துகளில் பஞ்சுத் துணுக்குப்போல் வெள்ளையாகத் தெரிவது மாவுப்பூச்சி. நரம்பை ஒட்டித் தவிட்டுநிறத்தில் அசையாமல் இருப்பது செதில்பூச்சி. இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகி, நுண்ணிய வலை படர்ந்திருந்தால் சிலந்திப் பேன். இவற்றுள் எதைக் கண்டாலும், அந்தச் செடியை மட்டுமன்றி அதன் பக்கத்தில் நின்ற செடியையும் விட்டுவிடுவது உத்தமம். பிறகு தண்டின் அடியை இரு விரலால் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். மண்ணோடு பிணைந்து நின்றால் வேர் ஊன்றியிருக்கிறது. தனியே ஆடினால், நேற்றோ முன்தினமோ நட்ட பதியன் அது. தொட்டியைத் தூக்கி அடித்துளையைப் பார்த்தால், ஓரிரு வெண்மையான வேர் நுனிகள் தெரிவது நன்று. கயிறு கயிறாகச் சுற்றிப் பழுப்பேறித் தொங்கினால், அச்செடி அந்தத் தொட்டியில் வெகுநாள் அடைபட்டிருந்தது. மண்ணை மூக்கருகே கொண்டுபோய் முகர்வதற்குக் கூச்சப்படலாகாது. நல்ல மண்ணுக்கு மழை பெய்து ஓய்ந்த வாசனை உண்டு. அழுகிய வேரோ குட்டை நீரின் நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தொலைவிலிருந்து வரும் செடிகளின் வேரைச் சுற்றிப் பிரயாணத்தில் ஈரம் காப்பதற்காகக் கெட்டியான களிமண் உருண்டை இருப்பது உண்டு. அதை அப்படியே வைத்து நட்டால் உருண்டைக்குள் நீர் புகுவதுமில்லை, புகுந்த நீர் வெளியேறுவதுமில்லை. வாங்கும்போதே இதைக் கேட்டறிந்து, வீட்டில் சில வாரம் பழகிய பின் பக்குவமாக மண் மாற்றுவது முறை.

இந்தப் பழக்கம் என்பது மிக முக்கியமானது. பந்தலின் வெளிச்சத்தில் உண்டான இலை அந்த வெளிச்சத்துக்கென்றே வடிக்கப்பட்டது. அதை ஒரே நாளில் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தால், அவ்விலைகளைப் போஷிக்க முடியாத செடி அவற்றை உதிர்த்துவிட்டு, புதிய ஒளிக்கு ஏற்ற இலைகளைப் படைத்துக்கொள்ள முயல்கிறது; சிறிய இலையுள்ள அத்திவகைச் செடிகள் இவ்வாறு உதிர்ப்பதில் பெயர் பெற்றவை. ஆகவே முற்றத்து ஓரத்தில் சில நாள், தாழ்வாரத்தில் சில நாள், பிறகு கூடம் என்று படிப்படியாக உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு மூன்று வாரமும் அது மற்றச் செடிகளோடு கலக்காமல் தனித்திருப்பது, மறைந்து வந்த பூச்சி ஏதேனும் இருந்தால் வெளிப்படுவதற்கும் உதவும்.

இன்று மிகுந்த விலைக்குப் போவன, இலையில் வெள்ளையும் பச்சையும் கலந்த செடிகள். அவற்றின் சௌந்தர்யத்தை நான் மறுக்கவில்லை. விடியற்காலையின் மெல்லொளியில் அத்தகைய இலை ஒன்றைப் பார்ப்பது உண்மையான இன்பமே. ஆனால் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. உணவு சமைப்பது பச்சைப் பகுதி மட்டுமே. ஆகையால் வெள்ளை மிகுந்த செடிக்கு ஒளி அதிகம் வேண்டும், வளர்ச்சியும் மெதுவாகவே இருக்கும். முழு வெள்ளையாக ஒரு கிளை விடுமானால் அது தாயின் தயவில் வாழ்ந்து மடியும். நிழலான கூடத்துக்கு வெள்ளை மிகுந்த செடியை வாங்கினால், அது பிழைக்கும் பொருட்டு முழுப்பச்சையான இலைகளையே விடத் தொடங்கும். விலை கொடுத்த அழகு போய்விடும்.

செடிகள் அறையின் காற்றைத் தூய்மை செய்யும் என்று சொல்லி விற்பதையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும். 1989-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் நடந்த சோதனை இப்பேச்சுக்கு மூலம். மூடிய சிறு அறைகளில் சில செடிகள் நச்சு வாயுக்களைக் குறைத்தது மெய்யே. 2019-இல் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்த இருவர், திறந்த ஜன்னல் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். முற்றமும் முடுக்கும் உள்ள வீட்டுக்கு இந்தச் சேவை தேவையே இல்லை. செடியை அதன் அழகுக்காகவும் மணத்துக்காகவும் வாங்குவதே அதற்குச் செய்யும் மரியாதை.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று அவசியமாகிறது. குழந்தை தவழும் வீட்டில், டைஃபன்பாக்கியா என்று விற்கும் புள்ளியிலைச் செடியையும், மணி பிளாண்ட் கொடியையும், ஜீ-ஜீ என்று அழைக்கும் கிழக்காப்பிரிக்கச் செடியையும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். நன்றாக வேகாத கருணைக்கிழங்கு நாக்கைக் காறுவதற்குக் காரணமான அதே ஊசிவடிவ ஆக்ஸலேட் படிகங்கள் இவற்றின் சாற்றில் இருக்கின்றன. டைஃபன்பாக்கியாவை மென்ற குழந்தைக்கு நாவும் தொண்டையும் வீங்கிவிடும். வண்டியில் விற்பவர் இதைச் சொல்வது அபூர்வம். நாமே அறிந்திருக்க வேண்டும்.

மணி பிளாண்ட் என்னும் கொடி பசிபிக் கடலில் தாஹிட்டிக்கு அருகேயுள்ள மூரேயா என்ற சிறு தீவுக்கு உரியது. இதயவடிவ இலையோடு நிழலில் படரும் கொடி வேண்டும் என்று அதை நாடுகிறவர்களுக்கு, காயல்பட்டினத்துக்கு வடக்கே சிறிது தூரத்தில், தாமிரபரணியின் கடைமடையிலுள்ள ஆத்தூரை நான் நினைவூட்ட விரும்புகிறேன். அங்குள்ள கொடிக்கால்களில் அகத்தி நிழலில் ஏறும் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலையும் இதயவடிவ இலையுடையது. நேர் வெயிலை வெறுத்து, ஈரக் காற்றையும் சிதறிய ஒளியையும் விரும்புவது. கணுவோடு வெட்டிய கொடித்துண்டிலிருந்தே வளர்வது. தாழ்வாரத் தூணில் தென்னை நார்க்கயிற்றைச் சுற்றி அதில் ஏற்றிவிட்டால், அதன் இளம்பச்சைக்கு ஈடான அழகை எந்த அயல்நாட்டுக் கொடியிலும் நான் கண்டதில்லை. காயல் நகரத்து மக்கள் ஓயாமல் வெற்றிலை மென்றதைக் குதிரைகளைப் பற்றி எழுதிய அதே போலோவும் குறித்திருக்கிறார். இவ்வளவு பழைய உறவுடைய கொடியை விட்டுவிட்டு மூரேயாவுக்குப் போவானேன்?

வாள்போல் நிமிர்ந்து நிற்கும் இலைகளையுடைய பாம்புச் செடியின் கதையும் இத்தகையதே. கடையில் வாங்கும் மஞ்சள் விளிம்புள்ள இனம் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவான மருள், நம் சோழமண்டலக் கரையின் வறண்ட புதர்களில் தானே வளர்வது. அதன் நாரை முறுக்கி வில்லுக்கு நாணாகப் பூட்டிய காலம் உண்டு. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றை வாங்கும் வழக்கமுடைய இனம் ஆதலால், நீர் இழப்பது மிகக் குறைவு. உப்புக் காற்றும் மேல்காற்றும் அதை ஒன்றும் செய்வதில்லை. இரவில் பிராணவாயுவைச் சொரிகிறது என்று சொல்லி பாம்புச் செடியைப் படுக்கையறைக்கு விற்பார்கள். இரவில் அது வாங்குவது கரிவாயுவை, பிராணவாயுவை விடுவது பெரும்பாலும் பகலில்தான். கரும்பச்சையில் வெளிர்ந்த பட்டைகள் குறுக்கே ஓடும் அந்த இலையின் கம்பீரத்துக்கு இப்படியொரு பொய்ச் சிபாரிசு வேண்டியதில்லை. காருகுறிச்சியில் சுட்ட மண்தொட்டி கிடைக்குமானால், அதில் மணல் மிகுந்த மண்ணிட்டு இதை வைக்க வேண்டும். தொட்டியின் நுண்துளை வழியே ஈரம் வெளியேறுவது இதற்கு நன்மை. ஈரம் விரும்பும் செடிகளுக்கு, காற்று மிகுந்த இவ்வூரில், பிளாஸ்டிக் தொட்டியே மேல் என்பதையும் மனம் கசந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். தென்னை நார்க்கழிவை மண்ணில் கலப்பவர்கள், அதை நன்னீரில் பலமுறை அலசிய பின்னரே கலக்க வேண்டும். அதற்குள்ளும் உப்பு இருக்கிறது.

இனி, இந்த ஊருக்கென்றே அமைந்த செடியைச் சொல்லுகிறேன். கொழும்போடு தலைமுறை தலைமுறையாக வாணிகத் தொடர்பு கொண்ட காயல்பட்டினத்துச் சமையலறைகளில், நெய்ச்சோற்றுக்கும் கறிக்கும் மணமூட்டுவது ரம்பை. தாழையின் இனத்தைச் சேர்ந்த இதன் நீண்ட மென்மையான இலைகள், நடுவில் பள்ளமிட்டு நாற்புறமும் வளைந்து இறங்கும் ஒழுங்கு, எந்த அலங்காரச் செடிக்கும் இளைத்ததன்று. பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள்தான் இதற்கும் மணம் தருகிறது. ஆனால் பச்சை இலை தானாக மணப்பதில்லை, கசக்கினாலும் சூடுபட்டாலுமே மணம் எழும். ஆகவே வாங்கும்போது அடியிலுள்ள முதிர்ந்த இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தால், தாழைக்குள்ள கொடிய முள் வரிசை இதற்கு இராது, நுனியருகே சில சிறு முட்கள் மட்டும் படும். இச்செடி பூப்பதே மிக அரிது. காய்த்து விதை தந்ததைத் தாவர நூலார் கண்டதில்லை. காட்டில் தானாக வளர்வதும் இல்லை. மனிதர் கையிலிருந்து மனிதர் கைக்குப் பக்கக் கன்றாகவே இது உலகில் பரவியிருக்கிறது. உலகிலுள்ள ஒவ்வொரு ரம்பையும், எவரோ ஒருவர் மற்றொருவருக்குப் பிரித்துக் கொடுத்ததன் தொடர்ச்சி.

மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே வாழ்ந்து, வீடும் மகளுக்கே சேரும் வழக்கமுள்ள இவ்வூரில், உம்மா வைத்த ரம்பையில் மகள் இலை கிள்ளுவது இயல்பாகவே அமைகிறது. வெளிநாட்டு வாணிகத்துக்குச் சென்ற ஆடவர்கள் மாதக்கணக்கில் வாராதிருக்க, முற்றமும் அதன் செடிகளும் பெண்களின் பராமரிப்பில் இருந்து வந்திருக்கின்றன. பின்கட்டில் வெயில் நன்றாகப் படும் இடம் இருந்தால் அங்கே மருதாணி ஒன்று நிலத்திலேயே வைக்கலாம். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் கடையில் குப்பியாக வாங்குவதற்கு, அரைத்த இலை கையில் தரும் நிறமும் குளிர்ச்சியும் இல்லை. அதைத் தொட்டியில் வைத்துக் கூடத்தில் வளர்க்க முடியும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். வெயில் அதன் உயிர்.

காயல்பட்டினத்துப் பழைய வீடு ஒன்றுக்கு எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், முற்றத்து நிழலோரத்துக்கு ரம்பையும், தாழ்வாரத் தூணுக்கு வெற்றிலையும், கூடத்துக்கு மருளும் என்று சொல்லுவேன். வெள்ளை வரியிட்ட அயல்நாட்டுச் செடிகளை இந்த மூன்றும் ஓராண்டு நலமாக வாழ்ந்ததைக் கண்ட பிறகு யோசிக்கலாம். பருவம் பார்த்து வாங்குங்கள்: மேல்காற்று ஓய்ந்து, ஐப்பசியில் முதல் மழை பெய்து, காற்று குளிர்ந்த பிறகு வரும் மாதங்களே வேர் பிடிப்பதற்கு உகந்தவை. ரம்பைக்கு மட்டும் நர்சரிக்குப் போகுமுன், முடுக்கு வழியே அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அங்கே பக்கக் கன்று இருக்கும்.